அமெரிக்காவில் இளநிலைப் படிப்பும் மெரிட் ஸ்காலர்ஷிப்பும்: பெற்றோரும் பிள்ளைகளும் கேட்கும் கேள்விகள்

நான் மேல்நிலைப் பள்ளிக் கணக்கு ஆசிரியை. அமெரிக்கப் பல்கலைக்கழகங்களுக்கு விண்ணப்பிக்கும் பிள்ளைகளுக்குப் பள்ளியின் கடிதம் எழுதித் தருவதில் தொடங்கியது, இப்போது ஸ்காலர்ஷிப் கடிதத்தை வரிவரியாகப் படித்துக் கணக்குப் போட்டுக் கொடுப்பது வரை வந்து நிற்கிறது. கேட்கிறவர்கள் வருடா வருடம் மாறுகிறார்கள், கேள்விகள் பெரும்பாலும் அதேதான். அவற்றை இங்கே எழுதி வைக்கிறேன்.

மெரிட் ஸ்காலர்ஷிப்புக்கும் மற்ற உதவித்தொகைக்கும் என்ன வித்தியாசம்?

மெரிட் என்பது பிள்ளையின் மார்க், திறமை, செய்த காரியங்கள் ஆகியவற்றைப் பார்த்துத் தருவது. அப்பா என்ன சம்பாதிக்கிறார் என்று கேட்க மாட்டார்கள். இன்னொன்று தேவை அடிப்படையிலான உதவி. அதற்கு வீட்டு வருமானம், சொத்து, கடன் எல்லாவற்றையும் காட்ட வேண்டும். தனியார் கல்லூரிகள் பலவும் இதற்கு சிஎஸ்எஸ் புரொஃபைல் என்ற படிவத்தைக் கேட்கும். முதல் கல்லூரிக்கு 25 டாலர், அடுத்த ஒவ்வொன்றுக்கும் 16 டாலர் கட்டணம். ஃபாஃப்ஸா என்ற படிவத்தைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். அது அமெரிக்க அரசின் உதவிக்கானது, மாணவர் விசாவில் போகிறவர்களுக்குப் பொருந்தாது.

ஹார்வர்டில் மெரிட் ஸ்காலர்ஷிப் வாங்க எவ்வளவு மார்க் வேண்டும்?

ஹார்வர்டில் மெரிட் ஸ்காலர்ஷிப்பே கிடையாது. யேல், பிரின்ஸ்டன், கொலம்பியா, கார்னெல் உட்பட ஐவி லீக் என்று சேர்த்துச் சொல்லப்படும் எட்டுப் பல்கலைக்கழகங்களிலும் கிடையாது. எம்ஐடியிலும் கிடையாது. அங்கெல்லாம் தேவை அடிப்படையில் மட்டும்தான் பணம்.

ஆனால் இதைக் கேட்டதும் அந்தக் கதவைச் சாத்திவிடாதீர்கள். ஹார்வர்ட், யேல், பிரின்ஸ்டன், எம்ஐடி, டார்ட்மத், ஆம்ஹெர்ஸ்ட், போடின் ஆகியவை வெளிநாட்டுப் பிள்ளைகளையும், பணம் கேட்கிறார்களா இல்லையா என்று பார்க்காமலே தேர்ந்தெடுக்கின்றன. தேர்ந்தெடுத்தபின், குடும்பத்தால் கட்ட முடியாத தொகை முழுவதையும் தாங்களே ஏற்கின்றன. மளிகைக்கடை வருமானத்தில் ஓடும் வீட்டுக்கு மெரிட்டைவிட இதுவே பெரிய உதவி. இடம் கிடைப்பதுதான் மிக மிகக் கடினம். மற்ற பெரும்பாலான கல்லூரிகளில், வெளிநாட்டு மாணவர் உதவி கேட்டால் அட்மிஷன் முடிவிலேயே அது கணக்கில் வரும்.

கார்னெலில் இந்தியக் குடிமக்களுக்கென்றே டாடா ஸ்காலர்ஷிப் இருக்கிறது. பலர் அதை மெரிட் என்று நினைக்கிறார்கள். அதுவும் தேவை அடிப்படையிலானதுதான்.

அப்படியானால் உண்மையான மெரிட் ஸ்காலர்ஷிப் எங்கே கிடைக்கிறது?

இதை மூன்று வகையாகப் பிரித்துப் பார்ப்பது என் வழக்கம்.

முதல் வகை, கல்விக்கட்டணம் முழுவதையும் அல்லது அதற்கு மேலும் தருபவை. வட கரோலினா பல்கலைக்கழகத்தின் மோர்ஹெட்-கெய்ன் இவற்றில் மூத்தது. 1945இல் தொடங்கியது, வெளிநாட்டுப் பிள்ளைகளும் விண்ணப்பிக்கலாம். பக்கத்திலிருக்கும் டியூக்கும் இந்தப் பல்கலைக்கழகமும் சேர்ந்து நடத்தும் ராபர்ட்சன் திட்டத்தில் ஒரு கேம்பஸில் சேர்ந்தவர் இன்னொரு கேம்பஸிலும் ஒரு செமஸ்டர் தங்கிப் படிப்பார். நாஷ்வில்லில் இருக்கும் வாண்டர்பில்ட்டின் கொர்னீலியஸ் வாண்டர்பில்ட் ஸ்காலர்ஷிப் முழுக் கல்விக்கட்டணத்தோடு, கோடையில் ஆய்வுக்கோ வெளிநாட்டுப் படிப்புக்கோ ஒருமுறை தொகையும் தருகிறது. அட்லாண்டாவில் எமரியின் உட்ரஃப், பாஸ்டன் பல்கலைக்கழகத்தின் டிரஸ்டி, தெற்குக் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் டிரஸ்டி ஆகியவையும் இதே ரகம். தெற்குக் கலிபோர்னியாவில் பாதிக் கட்டணத்துக்கு பிரெசிடென்ஷியல் என்று தனியாக ஒன்று உண்டு. இவை எல்லாவற்றிலும் போட்டி கடுமை. பட்டியலில் ஒன்றிரண்டு இருக்கட்டும், பட்டியலே இவையாக இருக்கக் கூடாது.

இரண்டாவது வகையில்தான் எங்கள் பிள்ளைகள் அதிகம் ஜெயித்திருக்கிறார்கள். மாநிலப் பல்கலைக்கழகங்களும் நடுத்தரத் தனியார் கல்லூரிகளும் தரும் பகுதித் தொகைகள் இவை. அலபாமா பல்கலைக்கழகம் போன்ற சில இடங்களில் பள்ளி மார்க்குக்கும் எஸ்ஏடி என்ற அமெரிக்க நுழைவுத் தேர்வின் மதிப்பெண்ணுக்கும் அட்டவணையே இருக்கும். அந்தக் கட்டத்துக்குள் வந்தால் தொகை உங்களுடையது. அரிசோனா மாநிலப் பல்கலைக்கழகமும் வெளிநாட்டுப் பிள்ளைகளுக்கு மெரிட் தருகிறது.

டெக்சாஸில் ஒரு நல்ல விதி இருக்கிறது. அந்த மாநில அரசுப் பல்கலைக்கழகம் ஒன்று போட்டி அடிப்படையில் குறைந்தது 1,000 டாலர் ஸ்காலர்ஷிப் கொடுத்தால், வெளி மாநில, வெளிநாட்டு மாணவருக்குரிய கூடுதல் கட்டணத்தைத் தள்ளுபடி செய்து, உள்ளூர்ப் பிள்ளை கட்டும் கட்டணத்தையே வாங்க முடியும். டாலஸ் பகுதியில் உள்ள டெக்சாஸ் பல்கலைக்கழகத்தை எங்கள் பிள்ளைகள் பட்டியலில் நான் விடாமல் சேர்ப்பதற்கு இதுதான் காரணம். கடிதத்தில் எழுதியிருக்கும் தொகை சிறிதாக இருக்கும், கட்டணத்தில் குறைவது பெரிதாக இருக்கும்.

மூன்றாவது வகை, மார்க்கை மட்டும் பார்க்காதவை. ஓரிகன் பல்கலைக்கழகத்தில் ஒரு பண்பாட்டுச் சேவைத் திட்டம் உண்டு. கட்டணத்தில் ஒரு பகுதியைக் கழித்துக்கொள்கிறார்கள். பதிலுக்கு மாணவர் வருடத்துக்கு 80 மணி நேரம் அங்குள்ள பள்ளிகளிலும் ஊர் மக்களிடமும் தன் நாட்டைப் பற்றிப் பேச வேண்டும், காட்ட வேண்டும். கோலம் போடத் தெரிந்த பிள்ளைக்கும் பறை அடிக்கத் தெரிந்த பிள்ளைக்கும் அங்கே மதிப்பு உண்டு.

கென்டக்கியில் இருக்கும் பெரியா கல்லூரியையும் சொல்ல வேண்டும். 1855இல் தொடங்கிய கல்லூரி. 1892இலிருந்து யாரிடமும் கல்விக்கட்டணம் வாங்கியதில்லை. சேரும் வெளிநாட்டுப் பிள்ளைகள் எல்லாருக்கும் முதல் வருடம் தங்குமிடம், சாப்பாடு உட்பட முழுச் செலவையும் உதவித்தொகையால் ஈடுகட்டுகிறார்கள். ஒவ்வொரு மாணவரும் வாரம் குறைந்தது 10 மணி நேரம் கல்லூரியில் வேலை செய்ய வேண்டும். வசதியில்லாத வீட்டுப் பிள்ளைகளுக்கே உரிய கல்லூரி அது. எடுத்துக்கொள்ளும் வெளிநாட்டு மாணவர்கள் கொஞ்சம் பேர்தான்.

தனியாக விண்ணப்பிக்க வேண்டுமா, அவர்களே தந்துவிடுவார்களா?

இரண்டும் உண்டு. பல இடங்களில் அட்மிஷன் விண்ணப்பமே ஸ்காலர்ஷிப் விண்ணப்பமும்கூட. வாண்டர்பில்ட் போன்றவற்றில் தனி விண்ணப்பமும் தனிக் கட்டுரையும் கேட்பார்கள். பிள்ளைகள் கோட்டை விடுவது தேதியில். அட்மிஷனுக்குக் கடைசி நாள் ஜனவரியில் இருக்கும், ஸ்காலர்ஷிப்புக்கு அது நவம்பரிலோ டிசம்பரிலோ முடிந்திருக்கும். தெற்குக் கலிபோர்னியாவில் நவம்பர் 1, பாஸ்டனில் டிசம்பர் 1 என்ற கணக்கில்தான் சமீப வருடங்களில் நடந்திருக்கிறது. உங்கள் வருடத்துத் தேதியைக் கல்லூரியின் பக்கத்திலேயே பாருங்கள். சுவரில் மாட்டியிருக்கும் தினசரி காலண்டரில் அந்தத் தாள்களைச் சிவப்பு மையால் சுழித்து வைக்கச் சொல்வேன். கைபேசியில் குறித்து வைத்ததைவிட அது கண்ணில் படும்.

எஸ்ஏடி கட்டாயமா?

பல கல்லூரிகளில் அட்மிஷனுக்குக் கட்டாயமில்லை. எம்ஐடி 2022இலேயே திரும்பக் கட்டாயமாக்கிவிட்டது, அதன் பிறகு வேறு சிலவும் அப்படிச் செய்தன. ஆனால் உங்களுக்கு மெரிட் வேண்டுமென்றால் எழுதுங்கள் என்பேன். நம் பள்ளியின் 94 சதவீதம் எவ்வளவு கடினமான 94 என்று அங்கே மேசையில் உட்கார்ந்திருப்பவருக்குத் தெரியாது. 1600க்கு எவ்வளவு என்பது அவருக்கு உடனே புரியும்.

ஒன்பதாம் வகுப்பில் மார்க் குறைவு. பரவாயில்லையா?

ஒன்பதிலிருந்து பிளஸ் டூ வரை நான்கு வருட மார்க்கும் போகும். சரிந்து எழுந்த பிள்ளையை அவர்கள் விரும்பவே செய்கிறார்கள். ஏன் குறைந்தது என்று பள்ளிக் கடிதத்தில் இரண்டு வரி எழுதச் சொல்லுங்கள். சதவீதத்தை நாலுக்கு இத்தனை என்று நீங்களே மாற்றி எழுத வேண்டாம். பள்ளி கொடுத்த மார்க்கை அப்படியே அனுப்புங்கள், மாற்றிப் பார்ப்பது அவர்கள் வேலை.

இங்கே இன்ஜினியரிங் காலேஜில் சேர்ந்துவிட்டேன். அடுத்த வருடம் அங்கே போகலாமா?

இந்தக் கேள்வி வரும்போதெல்லாம் எனக்கு மனசு கஷ்டமாக இருக்கும், ஏனென்றால் பெரும்பாலும் காலம் கடந்துதான் வரும். ஒரு கல்லூரியில் சேர்ந்து பாடங்களை முடித்துவிட்டால் பல அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் நீங்கள் புது மாணவர் இல்லை, மாற்றலாகி வருகிறவர். நான் மேலே சொன்ன பெரிய ஸ்காலர்ஷிப்புகளில் பெரும்பாலானவை புது மாணவர்களுக்கு மட்டும்.

சில வருடங்களுக்கு முன் ஒரு பையன் வந்தான். வீட்டில், "ஒரு வருஷம் சும்மா இருக்க வேண்டாம், இங்கே சேர்ந்து வை, கிடைத்தால் போய்க்கலாம்" என்றிருக்கிறார்கள். சேர்ந்தான், இரண்டு செமஸ்டர் எழுதினான், நல்ல மார்க். எஸ்ஏடியும் பிரமாதம். அவன் குறிவைத்திருந்த மூன்று கல்லூரிகளின் ஸ்காலர்ஷிப் பக்கத்திலும் ஒரே நிபந்தனை: பள்ளி முடித்தபின் வேறெங்கும் டிகிரி படிப்பில் சேர்ந்திருக்கக் கூடாது. அவன் அந்தத் திரையையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது இன்னும் கண்ணில் நிற்கிறது. ஒரு வருடம் இடைவெளி விடுவதாக இருந்தால் வேலை பாருங்கள், சின்னப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுங்கள், அப்பாவின் கடையில் உட்காருங்கள். கல்லூரியில் சேருமுன் விதியைப் படித்துவிடுங்கள்.

25,000 டாலர் ஸ்காலர்ஷிப் கிடைத்திருக்கிறது என்று கடிதம் வந்திருக்கிறது. போகலாமா?

இதற்கு ஒரு வார்த்தையில் பதில் இல்லை. ஒரு நோட்டை எடுத்துக்கொண்டு உட்காருங்கள்.

உதாரணத்துக்கு நானாக வைத்துக்கொள்ளும் எண்கள் இவை. கல்லூரி அ: கல்விக்கட்டணம் 52,000, தங்குமிடமும் சாப்பாடும் 16,000, மருத்துவக் காப்பீடு 3,000, புத்தகமும் மற்றதும் 3,000. மொத்தம் 74,000 டாலர். ஸ்காலர்ஷிப் 25,000 போக வருடத்துக்கு 49,000 நீங்கள் கட்ட வேண்டும். கல்லூரி ஆ: மொத்தமே 44,000, ஸ்காலர்ஷிப் 14,000 மட்டும். கட்ட வேண்டியது 30,000. சொந்தக்காரர்களிடம் சொல்லும்போது 25,000 பெரிதாகத் தெரியும். வங்கியில் கடன் கேட்கும்போது 49,000தான் தெரியும்.

இன்னும் முடியவில்லை. கல்விக்கட்டணம் வருடா வருடம் ஏறும், ஸ்காலர்ஷிப் தொகை பெரும்பாலும் ஏறாது. வருடம் 4 சதவீதம் ஏறினால் 52,000 என்பது இரண்டாம் வருடம் 54,080, மூன்றாம் வருடம் 56,243, நான்காம் வருடம் 58,493. இந்த ஏற்றத்துக்கு மட்டும் நான்கு வருடத்தில் 12,816 டாலர் கூடுதலாகக் கட்டியிருப்பீர்கள். இதைக் கணக்கில் சேர்க்காத குடும்பங்கள் மூன்றாம் வருடத்தில் நகையை எடுத்துக்கொண்டு ஓடுகின்றன.

கடிதத்தில் தேட வேண்டிய சொற்கள் சில உண்டு. தொகை ஒரு வருடத்துக்கா, நான்கு வருடத்துக்குமான மொத்தமா? நான்கு வருட மொத்தத்தை முதல் வரியில் கொட்டை எழுத்தில் போடும் கடிதங்கள் உண்டு. "வரை" என்று இருக்கிறதா? கல்விக்கட்டணத்துக்கு மட்டுமா, ஹாஸ்டலுக்கும் சேர்த்தா? வேறு ஸ்காலர்ஷிப் கிடைத்தால் இதைக் குறைப்பார்களா? பதில் கடிதத்தில் இல்லையென்றால் மின்னஞ்சல் அனுப்பி எழுத்தில் வாங்குங்கள்.

நான்கு வருடமும் வருமா?

நிபந்தனையோடு வரும். ஜிபிஏ, அதாவது எல்லாப் பாடங்களுக்கும் சேர்த்து நாலுக்குப் போடும் சராசரி, குறைந்தது 3.0 இருக்க வேண்டும் என்பது பரவலான விதி. சில இடங்களில் அதைவிட அதிகம் கேட்பார்கள். நாலுக்கு மூன்றுதானே என்று நம் பிள்ளைகள் சாதாரணமாக நினைத்துவிடுகிறார்கள். கால்குலஸில் பி, வேதியியலில் சி, ஆங்கிலத்தில் ஏ, கணினியில் பி பிளஸ் என்று வாங்கினால் (ஏ என்றால் 4, பி பிளஸ் 3.3, பி 3, சி 2), நான்கும் ஒரே எடையுள்ள பாடங்கள் என்றால், சராசரி 3.08க்குப் பக்கத்தில் நிற்கும். ஒரே ஒரு சி, பிள்ளையை விளிம்பில் கொண்டுபோய் நிறுத்திவிட்டது பாருங்கள். தவறினால் உடனே நிறுத்துவார்களா, ஒரு செமஸ்டர் அவகாசம் தருவார்களா என்று சேருமுன்பே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

பொதுவாக எட்டு செமஸ்டருக்குத்தான் பணம். பாடப்பிரிவை மாற்றி ஒன்பதாவது செமஸ்டர் தேவைப்பட்டால் அது உங்கள் கையிலிருந்து போகும். பாடங்களின் எடையை அங்கே கிரெடிட் என்று எண்ணுவார்கள்; செமஸ்டருக்கு 12 கிரெடிட்டுக்குக் கீழே போகவும் கூடாது. ஸ்காலர்ஷிப்போடு விசாவுக்கும் அது ஆபத்து.

ஸ்காலர்ஷிப்புக்கு வரி உண்டா?

யாரும் முன்கூட்டிச் சொல்லாத விஷயம் இது. டிகிரி படிக்கும் மாணவருக்குக் கல்விக்கட்டணம், கட்டாயக் கட்டணங்கள், பாடத்துக்குத் தேவையான புத்தகங்கள் ஆகியவற்றுக்குப் போகும் தொகைக்கு வரி இல்லை. தங்குமிடத்துக்கும் சாப்பாட்டுக்கும் போகும் தொகை வருமானமாகக் கருதப்படும். எஃப்-1 என்ற மாணவர் விசாவில் இருப்பவருக்கு அதில் 14 சதவீதம் பிடிப்பார்கள். 16,000 டாலர் அப்படி வந்தால் 2,240 டாலர். "முழு ஸ்காலர்ஷிப்" வாங்கிப் போன பிள்ளையின் கணக்கில் செப்டம்பரில் திடீரென்று ஒரு பாக்கி முளைப்பது இதனால்தான். பயப்பட வேண்டாம், ஏமாற்று இல்லை.

இந்தியாவிலிருந்து படிக்கப் போகிறவர்களுக்கு ஒரு நல்ல செய்தி. இந்திய-அமெரிக்க வரி ஒப்பந்தத்தின் 21ஆம் பிரிவால், அமெரிக்கர்களுக்குள்ள நிலையான கழிவை (வரி போடுமுன் வருமானத்திலிருந்து கழிக்கும் தொகை) இவர்களும் எடுத்துக்கொள்ளலாம். வேறு நாட்டு மாணவர்களுக்கு இது பொதுவாகக் கிடையாது. பிடித்த வரியைக் காட்டிக் கல்லூரி தரும் 1042-எஸ் தாளை வைத்து, ஏப்ரல் மாத நடுவுக்குள் 1040-என்ஆர் என்ற வரிக் கணக்குப் படிவம் போட்டால் பிடித்ததில் பெரும்பகுதி, பல நேரம் முழுவதுமே, திரும்ப வரும். அந்தத் தாளைத் தொலைக்காமல் வைத்திருக்கச் சொல்லுங்கள்.

மீதிப் பணத்தைப் பகுதிநேர வேலை பார்த்துக் கட்டலாமா?

முடியாது. எஃப்-1 விசாவில் கல்லூரி நடக்கும் காலத்தில் கேம்பஸுக்குள் வாரம் 20 மணி நேரம் வரைதான் வேலை. மணிக்கு 12 டாலர் என்று வைத்து, வாரம் 15 மணி நேரம், 30 வாரம் உழைத்தால் 5,400 டாலர். கைச்செலவுக்கும் விமான டிக்கெட்டுக்கும் ஆகும். அனுமதி இல்லாமல் வெளியே கடையில் நின்றால் விசாவே போய்விடும்.

விசாவுக்கு ஸ்காலர்ஷிப் உதவுமா?

கல்லூரி தரும் ஐ-20 தாளில் ஒரு வருடச் செலவும் அதற்கு யார் பணம் தருகிறார்கள் என்பதும் இருக்கும். ஸ்காலர்ஷிப் அதிலேயே அச்சாகி வரும். மீதியை வங்கி இருப்பிலோ கல்விக் கடன் ஒப்புதலிலோ காட்ட வேண்டும். நேர்காணலுக்கு முன் செவிஸ் என்ற அமெரிக்க அரசின் மாணவர் பதிவுக்கான கட்டணம் 350 டாலர் தனி. ஸ்காலர்ஷிப் இருந்தால் விசா நிச்சயம் என்று சொல்ல முடியாது. ஆனால் "யார் செலவு செய்கிறார்கள்?" என்று கேட்கும்போது பிள்ளை தெளிவாகப் பதில் சொல்ல முடியும்.

"எர்லி டிசிஷன்" போட்டால் வாய்ப்பு கூடுமா?

முன்கூட்டியே விண்ணப்பித்து முன்கூட்டியே முடிவு வாங்கும் வழி அது. இடம் கிடைக்கும் வாய்ப்பு சில கல்லூரிகளில் கூடும். ஆனால் கிடைத்தால் சேர்ந்தே ஆக வேண்டும் என்று கையெழுத்துப் போடுகிறீர்கள். இரண்டு கடிதங்களை ஒப்பிட்டுப் பார்க்கும் வாய்ப்பு போய்விடும். பணம்தான் முடிவு செய்யும் என்றால் வேண்டாம். "எர்லி ஆக்‌ஷன்" வேறு, அதில் அந்தக் கட்டுப்பாடு இல்லை. மெரிட் தேடுகிறவர்கள் அதைத் தாராளமாகப் போடலாம்.

ஏஜென்ட் ஒருவர் ஸ்காலர்ஷிப்புக்கு உத்தரவாதம் தருகிறார். நம்பலாமா?

வேண்டாம். ஸ்காலர்ஷிப்பை முடிவு செய்வது கல்லூரி மட்டும். வாங்கித் தருவதற்கு முன்பணம் கேட்கிறவரிடமிருந்து எழுந்து வந்துவிடுங்கள். கட்டுரையைத் தாங்களே எழுதித் தருகிறோம் என்பவரிடமிருந்தும்தான். அமெரிக்க வெளியுறவுத் துறையின் எஜுகேஷன்யூஎஸ்ஏ ஆலோசனை மையங்கள் சென்னை உட்பட உலகம் முழுவதும் இருக்கின்றன. அங்கே அடிப்படைத் தகவல்களை இலவசமாகவே தருவார்கள். விண்ணப்பக் கட்டணம் கட்ட முடியாத நிலை என்றால் கல்லூரிக்கே எழுதிக் கேளுங்கள், பல கல்லூரிகள் விலக்குத் தருகின்றன.

தொகையைக் கூட்டித் தரச் சொல்லிக் கேட்கலாமா? மரியாதைக் குறைவாக இருக்காதா?

கேட்கலாம், அங்கே அது சாதாரணம். தனியார் கல்லூரிகள் பல, கட்டணத்தை உயர்த்தி வைத்து ஆளுக்குத் தகுந்தபடி குறைத்துக் கொடுக்கின்றன. தங்களுக்கு வேண்டிய மாணவரை வரவழைக்கத்தான் மெரிட் தொகை. அதனால் "உங்கள் கல்லூரியில்தான் சேர ஆசை, இன்னொரு கல்லூரி இவ்வளவு தந்திருக்கிறது, எங்களால் இவ்வளவுதான் முடியும்" என்று கடிதத்தின் நகலோடு பிள்ளையே எழுதலாம். பேரம் பேசும் தொனி வேண்டாம், உண்மை நிலை போதும். மறுத்தால் ஏற்கெனவே தந்ததைப் பறித்துவிட மாட்டார்கள்.

ஏப்ரலில் மூன்று கடிதங்கள் கையில் இருக்கின்றன. எப்படி முடிவெடுப்பது?

ஒரு கல்லூரிக்கு ஒரு பக்கம். நான்கு வருடத்தில் கட்ட வேண்டிய மொத்தம், ஸ்காலர்ஷிப்பைத் தக்கவைக்கத் தேவையான ஜிபிஏ, ஒரு வருடம் அது நின்றுபோனால் சமாளிக்க முடியுமா என்ற கேள்விக்குப் பதில். இந்த மூன்றையும் எழுதியபின், பிள்ளையை வெளியே அனுப்பாமல் கூடவே உட்கார வைத்துப் பேசுங்கள். எவ்வளவு கடன் என்று அவனுக்கும் அவளுக்கும் தெரிய வேண்டும். எங்கள் பள்ளிப் பெண் ஒருத்தி மூன்று பக்கங்களையும் பார்த்துவிட்டு, பெயர் பெற்ற கல்லூரியின் பக்கத்தைத் தானே மடித்து வைத்தாள். அவளுடைய அம்மாதான் அழுதார்.

பெரும்பாலான கல்லூரிகளுக்கு மே 1க்குள் முடிவைச் சொல்லி முன்பணம் கட்ட வேண்டும். கட்டிய கையோடு மற்ற இரண்டு கல்லூரிகளுக்கும் வரவில்லை என்று ஒரு வரி எழுதி அனுப்பச் சொல்லுங்கள். காத்திருப்போர் பட்டியலில் இன்னொரு பிள்ளை அந்த இடத்துக்காக உட்கார்ந்திருக்கும்.